அரண்மனைச் சுவரில் தொங்கிய நகல்கள்

[திரையில்: ‘லாஸ் மெனினாஸ்’ முழுப் படம். பிறகு பின்சுவர் மட்டும் நெருக்கத்தில்.]

இந்த ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’. எல்லாருக்கும் முதலில் கண் போவது நடுவில் நிற்கும் குட்டி இளவரசியிடம். அப்புறம் கண்ணாடியில் தெரியும் ராஜா ராணியிடம். இன்று அவர்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேலே பாருங்கள். பின்சுவரில் இருட்டோடு இருட்டாக இரண்டு பெரிய படங்கள் தொங்குகின்றன.

இரண்டுமே நகல்கள்.

இது மாட்ரிட் அல்காசர் அரண்மனையில் இருந்த அறை. அங்கே என்னென்ன படம் மாட்டியிருந்தது என்று 1686இல் எடுத்த சாமான் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் நகலை வரைந்தவர் யார் என்பதும் தெரிகிறது. மாசோ. வெலாஸ்கெஸின் மாப்பிள்ளைதான், 1633இல் அவர் மகளைக் கட்டியவர்.

சரி, எதைப் பார்த்து வரைந்தார்? மாட்ரிட்டுக்கு வெளியே, காட்டுக்குள் அரசர் நான்காம் பிலிப்புக்கு ஒரு வேட்டை மாளிகை இருந்தது. பெயர் தோர்ரே தெ லா பராதா. 1636இல் அதற்குப் படம் வரையும் வேலை ஆன்ட்வெர்ப் நகரத்தில் இருந்த ஓவியர் ரூபென்ஸிடம் போனது. அறுபதுக்கு மேல் படங்கள், பெரும்பாலும் ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதைகள். ரூபென்ஸ் சின்னச் சின்னப் பலகைகளில் மாதிரி போட்டார். சிலவற்றைத் தானே பெரிதாக வரைந்தார், மீதியை மற்ற ஓவியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆக, அசல் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் ஒருவர் போட்ட மாதிரியைப் பார்த்து இன்னொருவர் வரைந்ததுதான். மாசோ எடுத்தது அதற்கு மேல் ஒரு நகல்.

பின்சுவரில் ஒரு படத்தில் மினர்வா தேவி, அரக்னே என்ற நெசவுக்காரப் பெண்ணைத் தண்டிக்கிறாள். தேவியோடு தறியில் போட்டி போட்டு, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி நெய்துவிட்டாள் அந்தப் பெண். கடைசியில் அவளைச் சிலந்தியாக்கி விடுகிறாள் தேவி. மற்றப் படத்தில் அப்பல்லோ, பான் என்ற இரண்டு தேவர்களுக்கும் இசைப் போட்டி. பான் வாசித்ததுதான் நன்றாக இருக்கிறது என்று வாயைவிட்ட மிடாஸ் ராஜாவுக்குக் கழுதைக் காது முளைக்கிறது.

அரக்னே என்ன நெய்தாள் என்றும் ஓவிட் சொல்கிறார். முதலில் நெய்தது இளவரசி யூரோப்பாவின் கதை. தேவர்களின் ராஜா ஜூபிடர் காளையாக வந்து அவளை முதுகில் ஏற்றிக் கடலுக்குள் தூக்கிப்போன கதை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: இரண்டு யூரோப்பா ஓவியங்கள், பக்கத்தில் பக்கத்தில்.]

இடது பக்கம் இருப்பது வெனிஸ் ஓவியர் டிஷியன் வரைந்து 1562இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு அனுப்பியது. வலது பக்கம் ரூபென்ஸ் அதைப் பார்த்து 1628-29இல் வரைந்த நகல். அவர் அப்போது மாட்ரிட் வந்தது தூதுவராக. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஐரோப்பா முழுக்கப் பெயர். அப்பேர்ப்பட்ட ஆள், ராஜாங்கப் பேச்சுக்கு நடுவே அரண்மனையில் நின்று டிஷியன் படங்களை வரிசையாக நகல் எடுத்தார். இந்த யூரோப்பாவை ஊருக்குக் கொண்டுபோய்த் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1640இல் அவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன சொத்திலிருந்து நான்காம் பிலிப் அதை வாங்கினார்.

அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதே வெள்ளைக் காளை. அதே மாதிரி யூரோப்பா மல்லாந்து, ஒரு கையால் கொம்பைப் பிடித்து, மறு கையில் சிவப்புத் துணியை உயர்த்துகிறாள். கீழே மீன்மேல் சவாரி போகும் மன்மதக் குழந்தைகூட அப்படியே இருக்கிறது. ஆனால் அவள் உடம்பைப் பாருங்கள். டிஷியனிடம் கிட்டப் போனால் வெறும் தீற்றல். தள்ளி நின்றால்தான் அது உடம்பாகிறது. ரூபென்ஸ் அந்தத் தீற்றலை இறுக்கிச் சதையாக்கிவிட்டார். என் கட்சி டிஷியன்தான். ஆனாலும் அவர் எதையெல்லாம் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார் என்பது ரூபென்ஸைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த வேலை இன்றும் நடக்கிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, ஸ்டாண்டு போட்டு நகல் எடுக்கலாம். அசலின் அளவிலேயே வரையக் கூடாது, கையெழுத்தைக் காப்பியடிக்கவும் கூடாது. சீனாவின் ஷென்சென் நகரத்தில், நகல் ஓவியத்துக்குப் பெயர்போன டாஃபெனில் ஆர்டர் கொடுத்தால் எந்தப் படமும் எண்ணெய் வண்ணத்தில் வரும். வாங்குகிற எண்ணம் இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். டிஷியன், ரூபென்ஸ் காலத்துப் பாணி தெரிந்து கையால் வரைந்திருந்தால், வெளிச்சம் விழும் தோளும் துணி மடிப்பும் தடிப்பாக இருக்கும், நிழல் மெல்லிசாக இருக்கும். பிரிண்ட் போட்டு மேலே பசையைத் தடவியது என்றால், பிரஷ் தடம் காளையையும் கடலையும் ஒரே மாதிரி கடந்துபோகும்.

[திரையில்: ‘லாஸ் இலாந்தெராஸ்’ (நூல் நூற்கும் பெண்கள்).]

இப்போது திரும்ப வெலாஸ்கெஸ். 1650களின் பிற்பாதியில் அவர் வரைந்ததாகச் சொல்லப்படும் படம் இது. முன்னால் பெண்கள் நூல் நூற்கிறார்கள். ராட்டைச் சக்கரத்தில் ஆரக்கால் ஒன்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். வெறும் நெசவுக்கூடக் காட்சி என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். இது அரக்னே கதை என்பது 1948இல்தான் வெளியே வந்தது. பின்னால் தொங்கும் நெய்த சீலையை நெருங்கிப் பாருங்கள். காளை. மல்லாந்த பெண். டிஷியனின் யூரோப்பா! அரக்னே நெய்ததாக வெலாஸ்கெஸ் காட்டுவதே ஒரு நகல்தான்.

டிஷியனின் அசல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினை விட்டுப் போய்விட்டது. 1896இல் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பெண்மணி வாங்கினார். இப்போது அது பாஸ்டனில், அவர் தொடங்கிய அருங்காட்சியகத்தில். 2021இல் ஒரு கண்காட்சிக்காகச் சில மாதம் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனது. ரூபென்ஸின் நகல் பிராடோவிலேயே இருக்கிறது.