போட்டிக்கு மூணு நாள் இருக்கும்போது மாடு திடீர்னு நொண்டுனா?

[காட்சி: காலை நேரம். கொட்டகைல இருந்து ஒரு காளை வெளிய வருது, பின்னங்கால் ஒண்ண பட்டும் படாமலும் வைக்குது.]

நேத்து சாயங்காலம் வரைக்கும் கம்பீரமா நடந்த மாடு. காலைல கயித்த அவுத்து ரெண்டு எட்டு நடத்துறீங்க, ஒரு கால ஊணாம தாங்கித் தாங்கி வருது. அழகையும் நடையையும் பாத்துப் பரிசு குடுக்குற மாட்டுப் போட்டிக்கு இன்னும் மூணே நாள். வயிறு எப்படிக் கலங்கும்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும், மாசக்கணக்கா குளிப்பாட்டி, நடை பழக்கி, தீனி பாத்துப் பாத்துப் போட்டதெல்லாம் கண்ணு முன்னாடி ஓடும், கை தானா போனுக்குப் போகும், "ஒரு வலி ஊசி போட்டா சரியாயிடுமா"ன்னு கேக்க. அந்த ஊசியப் பத்தி கடைசில பேசுறேன். இப்போதைக்கு வேணாம். எங்க கோளாறுன்னு காட்டிக் குடுக்குறதே அந்த வலிதான், அத அமுக்கிட்டா டாக்டருக்கும் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

போன எடுத்தாச்சுல்ல, அப்படியே வீடியோ எடுங்க. கெட்டியான சமதரைல ஒருத்தர் மெதுவா நடத்தட்டும், நீங்க பக்கவாட்டுல இருந்து ஒண்ணு, பின்னாடி இருந்து ஒண்ணு. முன்னங்கால்ல நோவுன்னா அந்தக் கால் தரைல படுற நேரம் தலைய மேல தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். பின்னங்கால்னா முதுகு வில்லு மாதிரி வளையும், எட்டு குட்டையாயிடும். இந்த வீடியோவ அழிக்காதீங்க, பின்னாடி வேணும்.

[காட்சி: மாட்டோட வாய், கிட்டத்துல.]

அடுத்து வாயப் பாருங்க. கால் நோவுக்கு வாய எதுக்குப் பாக்கணும்னு கேப்பீங்க. எச்சில் நூலு நூலா ஒழுகுது, நாக்குலயோ ஈறுலயோ கொப்புளம், பக்கத்து மாடும் கால உதறுதுன்னா அது கோமாரியா இருக்கலாம், மாட்டுக்கு மாடு வேகமாப் பரவுற நோய். அப்போ போட்டிப் பேச்சே கிடையாது, எந்த மாட்டையும் எங்கயும் நகத்தாம கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்லணும். நூறு மாடு கூடுற இடத்துக்கு அத ஏத்திட்டுப் போறத விட பெரிய பாவம் இந்தத் தொழில்ல இல்லன்னு நான் நினைக்கிறேன்.

தெர்மாமீட்டரும் வைங்க, ஆசனவாய்ல. ஓய்வா இருக்குற மாட்டுக்கு 101-ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம், 103 தாண்டுனா காய்ச்சல்னு எடுத்துக்கங்க. தொடை, தோள்பட்டை பக்கம் தடவிப் பாருங்க. வீங்கி இருந்து, அமுக்குனா தோலுக்கு அடியில நறநறன்னு காத்து அடைச்ச மாதிரி சத்தம் வந்தா சப்பை நோய் சந்தேகம், சதையத் தாக்குற ஒரு பாக்டீரியா நோய். ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்குற, நல்லா கொழுகொழுன்னு வளர்ற மாட்டத்தான் அது அதிகமா தாக்கும், அதாவது நம்ம போட்டிக்கு வளக்குற மாதிரி மாட்ட. ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிரே போயிடும், அதனால அதுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது.

இது ரெண்டும் இல்லன்னா கொஞ்சம் மூச்சு விடலாம். இப்ப குளம்புக்கு வாங்க.

[காட்சி: டிராவிஸ் கூண்டுக்குள்ள (வைத்தியத்துக்கு மாட்ட அசையாம நிறுத்துற சட்டம்) மாடு. கால் கட்டித் தூக்கி இருக்கு, தண்ணி ஊத்திக் கழுவுறாங்க.]

மாடு நொண்டுச்சுன்னாலே நம்மாளுங்க தோள்பட்டை, இடுப்பு, சுளுக்குன்னு மேலயே தேடுவாங்க. ஆனா நொண்டுற மாட்டுல பத்துக்கு ஒம்போது மாதிரி குளம்புலதான் பிரச்சனை இருக்கும். பின்னங்கால்னா பெரும்பாலும் வெளிப்பக்கக் குளம்பு, முன்னங்கால்னா உள்பக்கம். நானே ஒரு தடவ ரெண்டு நாள் தோள்பட்டைக்கு எண்ணெய் போட்டுத் தேச்சுட்டு இருந்தேன், கடைசில பாத்தா குளம்பு இடுக்குல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜல்லிக்கல்லு. அதனால சாணி மண்ணு எல்லாம் போகக் கழுவி, இடுக்குல விரல விட்டுப் பாருங்க, கல்லு ஆணி முள்ளு ஏதாவது இருக்கான்னு.

அங்க எதுவும் இல்லன்னா முக்கியமா ரெண்டு விஷயத்தப் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். ஒண்ணு குளம்பழுகல். குளம்புக்கு மேல ரெண்டு பக்கமும் சமமா வீங்கும், ரெண்டு குளம்பும் அகண்டு நிக்கும், இடுக்குத் தோல் வெடிச்சு நாத்தம் குடலப் புடுங்கும், காய்ச்சலும் இருக்கும். இதுக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் போட்டா, சீக்கிரமே பாத்திருந்தா ரெண்டு மூணு நாள்ல நல்லா தெளியும். தெளியலன்னா மூட்டு வரைக்கும் போயிருக்கான்னு திரும்பப் பாக்கணும்.

இன்னொண்ணு குளம்புக்குள்ள சீழ் கட்டுறது. இது ஏமாத்தும். வெளிய வீக்கமே இருக்காது, ஆனா மாடு காலத் தரைல வைக்கவே மாட்டேங்கும். அந்தக் குளம்பு மட்டும் சூடா இருக்கும், குறடு வெச்சு மெதுவா அழுத்திட்டு வந்தா ஒரு இடத்துல படக்குனு கால இழுக்கும். அங்க பழகுன கை மெல்ல செதுக்குனா ஒரு கருப்புப் புள்ளி, அதத் தொடந்து போனா சீழ் பீச்சிட்டு வரும், பல மாடு அந்த நிமிஷமே கால ஊணும். பாக்கவே நிம்மதியா இருக்கும். இதுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது, சீழ் வெளிய வரணும், அவ்வளவுதான். நோவு குளம்புல பாரம் இறங்காம இருக்க பக்கத்துல இருக்குற நல்ல குளம்புல கட்டை ஒட்டுவாங்க, அது சில வாரம் இருக்கணும், கட்டையோட போட்டிக் களத்துல நடத்துறது நடக்காத காரியம். யூட்யூப் பாத்துட்டு நீங்களே கத்திய எடுக்காதீங்க, உயிர்ச்சதைல பட்டா புதுசா ஒரு நொண்டல் ஆரம்பிக்கும்.

நாலு காலும் நோவுற மாதிரி நிக்குது, முதுகக் கூனிக்கிட்டு நடக்கவே யோசிக்குது, எல்லாக் குளம்பும் சூடுன்னா தீனியச் சந்தேகப்படுங்க. கடைசி ரெண்டு வாரம் மினுமினுப்பு வரட்டும்னு அடர்தீவனத்த, அதான் தானியம் புண்ணாக்கு கலவைய, திடீர்னு ஏத்துவோம்ல, அதுல வயித்துல அமிலம் கூடி குளம்புக்குள்ள ரத்த ஓட்டமே கெட்டுப் போகும். அடர்தீவனத்த நிறுத்தி, காஞ்ச தீவனம், மெத்துன்னு படுக்கை, உடனே டாக்டர். இந்த மாடு இந்தப் போட்டிக்குப் போகாது, இதுல பேரம் பேச இடமில்ல.

அதே மாதிரி அழகா தெரியணும்னு கடைசி வாரத்துல குளம்பு வெட்டுறது. அடிப்பக்கம் மெலிசாகி கான்கிரீட்ல நடந்தாலே வலிக்கும். குளம்பு மாசத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால வெட்டணும்னா போட்டிக்கு நாலுல இருந்து ஆறு வாரம் முன்னாடியே முடிச்சிருங்க.

குளிப்பாட்டுற இடத்துல வழுக்குனது, வண்டில இருந்து இறங்கும்போது பிசகுனதுன்னா குளிர்ந்த தண்ணிய 15, 20 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ ஊத்துங்க, மொத நாள்ல சூடு ஒத்தடம் வேணாம். நேத்துதான் தொடைல ஊசி போட்டீங்களா, அந்த வலியாலயும் நொண்டலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சரி, வலி ஊசி. மெலாக்சிகாம், ஃப்ளூனிக்சின் எல்லாம் நல்ல மருந்துதான், வைத்தியத்தோட ஒரு பகுதியா டாக்டரே குடுப்பார். நொண்டல மறைச்சு நடத்துறதுக்குப் போடுறது வேற கதை. வலி தெரியாம மாடு முழு பாரத்தையும் போட்டு உள்காயத்தப் பெருசாக்கிக்கும், சிறுநீர் எடுத்து மருந்து டெஸ்ட் பண்ற போட்டில மாட்டுனா தகுதியும் போயிடும். ஆன்டிபயாடிக் போட்டிருந்தாலும், மருந்து உடம்ப விட்டுப் போக எத்தன நாள் கழிச்சு பால், கறிய பயன்படுத்தலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க, போட்டி முடிஞ்ச கையோட விக்கிற மாடா இருந்தா இது ரொம்ப முக்கியம்.

[காட்சி: அதே தரை, அதே மாடு. திரை ரெண்டாப் பிரிஞ்சு மொத நாள் வீடியோவும் கூட ஓடுது.]

கிளம்புறதுக்கு மொத நாள் காலைல அதே தரைல, அதே ஆள் நடத்த, திரும்ப வீடியோ எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நம்ம கண்ணு ஆசைல பொய் சொல்லும், அதனால மாடு வளக்கத் தெரிஞ்ச, ஆனா இந்த மாட்டப் பத்தி எதுவும் தெரியாத ஒருத்தரக் கூப்பிட்டு ரெண்டாவது வீடியோவ மட்டும் காட்டுங்க, எதுவும் சொல்லாதீங்க. எந்தக் கால்ல நோவுன்னு அவரே கேட்டுட்டார்னா, வண்டிக்காரருக்கு போன் பண்ணி கேன்சல் பண்ணிடுங்க.