"கேப்டன், எனக்குக் கவலையாக இருக்கிறது"

குழுக்களை நடத்தும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

குழுவில் பயம் என்ன செய்யும் என்பதை விமானிகள் அறையில் பார்ப்பதுபோல் வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது. அங்கே பேசியதும் பதிவாகிறது, பேசாமல் விட்டதும் பதிவாகிறது.

1977 மார்ச் 27, கேனரி தீவுகளின் டெனெரிஃப் விமான நிலையம். கடும் மூடுபனி. ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 பயணிகள் விமானம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்க, மறுமுனையிலிருந்து நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தின் 747 புறப்பட ஓடத் தொடங்கிவிட்டது. "அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பேச்சு அதோடு நின்றது. 583 பேர் இறந்தார்கள். வானொலியில் இரண்டு குரல்கள் மோதி முக்கியமான செய்தி மறைந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் கேப்டன் நிறுவனத்தின் 747 பயிற்சிக்குப் பொறுப்பானவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்குத் தகுதித் தேர்வு நடத்தியவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் இரண்டாவது முறை கேட்க யாருக்கு வாய் வரும்?

அடுத்த ஆண்டு டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். தரையிறங்கும் சக்கரத்தில் சந்தேகம் வந்து, யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் சுமார் ஒரு மணி நேரம் வானிலேயே வட்டமிட்டது. எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொன்னார். ஆனால் தகவலாகச் சொன்னாரே தவிர, எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தை விசாரித்த அமெரிக்க வாரியம் அப்போது தந்த பரிந்துரைக்கு இரண்டு பக்கம் உண்டு. உடன் இருப்பவர்களுக்கு உறுதியாகப் பேசும் பயிற்சி. கேப்டன்களுக்குக் குழுவைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சி. நம் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. இளையவர்களை உட்காரவைத்து "தைரியமாகப் பேசுங்கள்" என்று வகுப்பு எடுக்கிறோம். மேலே இருப்பவர் மாறாமல் அப்படியே இருக்கிறார். பேசியவர் ஒருமுறை அடிபட்டால் போதும், வகுப்பில் சொன்னது அன்றோடு வீண்.

விமானிகள் பழகும் முறையைச் சொல்கிறேன். கவலையைச் சொல்ல ஐந்து படிகள் உண்டு: பெயரோ பதவியோ சொல்லி அழைப்பது, தன் கவலையைச் சொல்வது, பிரச்சினையைச் சொல்வது, வழி சொல்வது, சம்மதம் கேட்பது. "கேப்டன், எனக்குக் கவலையாக இருக்கிறது. எரிபொருள் பதினைந்து நிமிடத்துக்குத்தான் இருக்கிறது. இப்போதே இறங்கிவிடலாம். சரியா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் "ம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்வார். இரண்டு முறை சொல்லியும் சரியான பதில் இல்லையென்றால், பக்கத்து விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கலாம். இதைத் துணிச்சலுக்கு விடாமல் விதியாக்கியதுதான் முக்கியம். பேசுவது கடமை ஆகிவிட்டால், பேசியவரை யாரும் அதிகப்பிரசங்கி என்று சொல்ல முடியாது.

தலைவர் செய்ய வேண்டியது வேலை தொடங்கும் முன்பே ஆரம்பிக்கிறது. "சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்தத் திட்டம் எந்த இடத்தில் சறுக்கும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில் பேசுங்கள். தலைவர் கருத்தைச் சொன்ன பிறகு வருவது பெரும்பாலும் ஆமோதிப்புதான். கெட்ட செய்தி வந்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை எல்லோரும் கவனிக்கிறார்கள். "யார் செய்தது?" என்று தொடங்கினால் அடுத்த செய்தி உங்களிடம் வராது. "சொன்னது நல்லது. இப்போது நிலை என்ன?" என்று தொடங்குங்கள். யார், ஏன் என்பதெல்லாம் பிறகு.

நடந்த தவற்றை எழுதித் தரவும் பாதுகாப்பான வழி வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளின் அறிக்கைகளை வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு அல்ல, நாசா. அங்கே பெயர், அடையாளம் நீக்கப்படும். தெரியாமல் நேர்ந்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் சொன்னவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் அது கிடையாது. எல்லை இப்படித் தெளிவாக இருப்பதால்தான் நம்பிக்கை நிற்கிறது. "எதுவும் சொல்லலாம், ஒன்றும் ஆகாது" என்று பொதுவாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருநாள் அதை நீங்களே மீற வேண்டி வரும்.

அறுவை அரங்குகளும் இதைக் கற்றுக்கொண்டன. 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்த செவிலியர் மறுமுறை திறப்பது எளிது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில் மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கட்டங்களில் டிக் மட்டும் போட்டு, யாரும் தலைநிமிராமல் படித்து முடிக்கும் இடங்களில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாவதைக் கண்டார். அங்கே தவறுகளை மறைக்காமல் பேச முடிந்தது. உங்கள் குழுவிலும் முதலில் எண்ணிக்கை ஏறலாம். அதைப் பார்த்துப் பதறி யாரையும் விசாரிக்க வேண்டாம் என்று உங்கள் மேலதிகாரியிடம் தொடங்கும் முன்பே பேசி ஒப்புதல் வாங்கி வையுங்கள்.