பார்க்காமல் வந்த பூஜ்யம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்கு முப்பதாவது நாள் போன் போடுவது என் வேலைகளில் ஒன்று. மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று இருக்கும் நர்ஸ் நான். போனை எடுப்பவர் பெரும்பாலும் மகனோ மருமகளோதான். "பில்லெல்லாம் கட்டிட்டோமே சிஸ்டர்?" என்பார்கள். பணத்துக்காக இல்லை, தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றால், "எல்லாம் நல்லா இருக்கு" என்று பதில் வரும். அதோடு வைத்துவிட்டால் என் பதிவேட்டில் 'தொற்று இல்லை' என்று ஏறிவிடும். அதனால் நான் வைப்பதில்லை. "துணியில ஈரம், கறை ஏதாவது படுதா? நடுவுல யாராவது ஊசி, மாத்திரை குடுத்தாங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். கொஞ்சம் மௌனம். அப்புறம் வரும்: "தண்ணி மாதிரி கசிஞ்சுது சிஸ்டர். இங்கயே ஒரு டாக்டர்கிட்ட காட்டி அஞ்சு நாள் ஊசி போட்டோம். அத உங்ககிட்ட சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மாதாமாதம் ஒரு தாள் மேலிடத்துக்குப் போகும். 'அறுவைச் சிகிச்சைத் தொற்று' என்ற கட்டத்தில் வருடக் கணக்காகப் பூஜ்யம். எல்லோருக்கும் பெருமை. நோயாளி நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். சீழ் பிடிப்பதோ பல சமயம் ஏழாம் நாள், பத்தாம் நாள். வாசலோடு கணக்கை முடித்துக்கொண்டால் பூஜ்யம்தானே வரும்! நாங்கள் போன் போட ஆரம்பித்த முதல் மாதமே அந்தக் கட்டம் நிரம்பியது. "திடீர்னு ஏன் இவ்வளவு கூடிப்போச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்கள். கூடவில்லை சார், இப்போதுதான் பார்க்கிறோம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதற்குப் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே விதிதான். சாதாரண ஆபரேஷன் என்றால் 30 நாள் பார்க்க வேண்டும். மூட்டு மாற்று போல உடம்புக்குள் ஒரு பொருளை வைத்துத் தைத்திருந்தால் 90 நாள். மற்ற தொற்றுகளில், சேர்ந்த நாளை முதல் நாளாக வைத்து, மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ தெரியவந்தால் அது பொதுவாக மருத்துவமனையின் கணக்கில் சேரும். அதற்கு முன்பே தெரிந்தால் வீட்டிலிருந்தே வந்தது என்று எடுத்துக்கொள்வோம்.

ஐசியூ கணக்கு வேறு மாதிரி. தினமும் காலை பதினொரு மணிக்கு நோட்டோடு கட்டில் கட்டிலாகப் போவேன். யாருக்கு யூரின் டியூப் இருக்கிறது, யாருக்குக் கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தக் குழாய்க்குள் போடும் டியூப், யார் வென்டிலேட்டரில். இன்று ஏழு பேருக்கு லைன் என்றால் ஏழு, நாளை ஐந்து என்றால் ஐந்து. மாதக் கடைசியில் கூட்டினால் கிடைப்பது 'லைன் நாட்கள்'. நேரத்தை மாற்றக் கூடாது. ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் எண்ணினால் கணக்கு ஆடும்.

எதற்கு இந்தப் பாடு என்றால், ஒரு ஐசியூவில் இரண்டு பேருக்கு லைன் வழியாக இரத்தத்தில் கிருமி ஏறியது, இன்னொன்றில் மூன்று பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எது மோசம்? முதலாவதில் மொத்தம் 400 லைன் நாட்கள், இரண்டாவதில் 1500. ஆயிரம் நாளுக்கு என்று வகுத்தால் முதலாவதில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு. "எங்க ஐசியூல ரெண்டே ரெண்டு பேருக்குத்தான்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

எண்ணுவதால் மட்டும் கிருமி செத்துவிடுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1970களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். முடிவு 1985-இல் வெளியானது. முறையாகக் கண்காணித்து, 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வைத்து, ஒவ்வொரு சர்ஜனுக்கும் அவருடைய தொற்று விகிதத்தை அவர் கையிலேயே கொடுத்த இடங்களில் தொற்று 32 சதவீதம் குறைந்தது. ஒன்றும் செய்யாத இடங்களில் 18 சதவீதம் ஏறியது. அந்த 'கையில் கொடுப்பது' இருக்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது. சர்ஜன்கள் கோபப்படுவார்கள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மூன்றாம் நாள், "அந்த ஆறு கேஸ் ஃபைலையும் எடுத்து வைங்க" என்பார்கள்.

அப்படி ஒரு முறை எடுத்து வைத்தோம். வயிற்று ஆபரேஷன் கேஸ்கள். சர்ஜன் வேறு வேறு, தியேட்டர் வேறு வேறு, ஒன்றும் பிடிபடவில்லை. ஆபரேஷன் தொடங்கிய நேரத்தை எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: எல்லாம் பதினொரு மணிக்கு மேல். வார்டில் போய் விசாரித்தால், நைட் டூட்டி முடிவதற்கு முன் காலை ஆறு மணிக்கே அன்றைய லிஸ்ட்டில் உள்ள எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். வேலையை மிச்சம் வைக்காமல் போக வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். அந்த ஊசி கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். முதல் கேஸுக்கு ஓரளவு ஒப்பேறும். லிஸ்ட்டின் கடைசி ஆள் மதியம் தியேட்டருக்குள் போகும்போது மருந்து பெரும்பாலும் உடம்பை விட்டுப் போயிருக்கும். ஊசியை வார்டிலிருந்து மயக்க மருந்து டாக்டர் கைக்கு மாற்றினோம். செலவு ஒரு பைசா இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஐசியூக்கள் சேர்ந்து, லைன் தொற்றைக் குறைக்க ஒரு வேலை செய்தன. கை கழுவு, முழு கவுனும் மாஸ்க்கும் போடு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி வைத்துத் தோலைத் துடை, தொடை இடுக்கில் லைன் போடுவதை முடிந்தவரை தவிர், தேவை முடிந்ததும் எடு. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை நர்ஸுக்கு உண்டு. 2006-இல் வந்த முடிவின்படி, ஆயிரம் லைன் நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. பாதி ஐசியூக்கள் பூஜ்யத்தைத் தொட்டன. அதுவும் பூஜ்யம்தான், ஆனால் எண்ணி எண்ணி வந்த பூஜ்யம்.

உங்கள் வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்தால் கட்டிலுக்குக் கீழே ஒரு பார்வை பாருங்கள். யூரின் பை தரையில் கிடக்கக் கூடாது, கட்டில் சட்டத்தில் தொங்க வேண்டும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, பாவம், கையில் இடமில்லை என்று பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். அப்போது பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். எடுத்துக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "இந்த டியூப் இன்னைக்கும் வேணுமா டாக்டர்?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். போன வாரம் ஒரு பாட்டி இதைக் கேட்டார். டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "வேணாம், எடுத்துடலாம்" என்றார். டியூப் போட்டு அன்றோடு ஒன்பது நாள். மறுநாள் பதினொரு மணிக்கு என் நோட்டில் ஒரு எண் குறைந்தது.

வணக்கம்.