உபதேசியாருக்கு ஒரு கட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்துக்கு, மார்ட்டின் லுத்தர் வழி வந்த லுத்தரன் சபை எப்போது வந்தது என்று எங்கள் ஆட்களிடம் கேட்டால், 1907 என்று பட்டென்று சொல்வார்கள். கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம் 1895 முதல் வேலை செய்துவந்த அமெரிக்க மிசௌரி மிஷன் அந்த வருடம்தான் நாகர்கோவிலில் கால் வைத்தது. பதில் சரிதான். ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே, லுத்தரன் போதகர் ஒருவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் இந்த மண்ணில் குடியிருந்தார். அவரைச் சொல்லாமல் 1907-க்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. அவரைப் போல ஊரோடு இருந்து வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மயிலாடி என்றதும் கல் சிற்பம்தான் ஞாபகம் வரும், இல்லையா? அந்த மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார். சாம்பவர் குலம். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அப்படிப் பிறந்தவர் எந்தத் தெருவில் நடக்கலாம், எதில் நடக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மகாராசன் பக்திமான். சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். நடைப் பயணம்தான், வேறென்ன. அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். அந்த உறவினர்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள். அவர்களோடு கோயிலுக்கு, அதாவது தேவாலயத்துக்கு, போய்ப் பிரசங்கம் கேட்டார். அங்கே போதகராக இருந்தவர் கோலாப் ஐயர், ஜெர்மன் மிஷனரி பெரிய ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த மாணவர். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், குழம்ப வேண்டாம்.) யாத்திரை போன மகாராசன் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார்.

கையில் சில புத்தகங்கள். கூட ஐயர் யாரும் இல்லை. வந்தவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டினார். எதிர்ப்பு வந்தது, அடியும் வந்தது. பேசாமல் தஞ்சாவூர்ப் பக்கமே குடிபோய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. மிஷனரி வந்து சேர்ந்ததெல்லாம் பிறகு. சபை முதலில், ஐயர் பிறகு. இதை நான் எந்த மேடை ஏறினாலும் சொல்வேன், இன்றைக்கும் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

வந்த ஐயரின் பெயர் ரிங்கல்தௌபே. ஜெர்மன்காரர், ஹாலேயில் படித்த லுத்தரன். அனுப்பியது மட்டும் லண்டன் மிஷனரி சங்கம். 1706-ல் முதல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். சரியாக நூறு வருடம் கழித்து, 1806 ஏப்ரல் 25 அன்று ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினார். திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றுக்குள் வந்து சேர்ந்த மனுஷன். 1809-ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. சம்பளத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத ஆள். உடம்பில் கோட்டு இல்லாமல், நாட்டு ஓலைத் தொப்பியோடு சென்னையில் போய் நின்றவரைப் பார்த்து அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் திகைத்தார்களாம். 1816-ல் உடல்நிலை கெட்டு ஊரை விட்டார். மலாக்கா, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) பக்கம் கப்பலில் போனார் என்பதோடு தகவல் நின்றுவிடுகிறது. கல்லறை எங்கே என்று தெரியாது.

போகும்போது சபைகளை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம். அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும்வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

என் பேச்சே இதுதான். நம் சபைச் சரித்திரங்களைப் புரட்டினால் முதல் பத்துப் பக்கம் கப்பலில் வந்தவர்களின் படம். நடந்து வந்தவர்களின் படம் கிடையாது. தரங்கம்பாடியில் 1733-ல் முதல் இந்திய லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன், அதற்கு முன்பு உபதேசியார். பாளையங்கோட்டைச் சபையை நிலைநிறுத்திய சத்தியநாதனும் உபதேசியாராக வந்தவர்தான். தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூர், பாளையங்கோட்டை, மயிலாடி என்று அந்த வழி நெடுக உபதேசியார்களின் கால்தடம்.

கிறிஸ்தவர் அல்லாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. ஐயர் எப்போதாவது வருவார், திருவிருந்து என்கிற அப்பமும் ரசமும் கொடுப்பார், போய்விடுவார். அவருக்குப் பத்து ஊர் இருக்கும். ஊரோடு கிடப்பவர் உபதேசியார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பதும், பெண்கள் உலையில் போடும்போது எடுத்து வைக்கிற பிடியரிசியை வாங்கிக் கணக்கு வைப்பதும் அவர் வேலை.

லுத்தரன் சபைகளில் இன்னொரு வேலையும் உண்டு. லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற புத்தகத்தைச் சொல்லிக்கொடுப்பது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேள்வி வரும், பதில் வரும். பெற்றோர் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் லுத்தர் எழுதினார். எங்கள் ஊர்களில் அதை வயல்வேலை முடிந்து வந்தவர்களுக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். எங்கள் பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. ஆனால் ஒரு கட்டளையைச் சொன்னால் அதன் அர்த்தம் நிற்காமல் வரும். நடுவில் ஒரு சொல் தவறினால் அங்கிருந்து தொடர மாட்டார், மறுபடி முதலிலிருந்துதான். உபதேசியார் அப்படித்தான் பழக்கியிருக்கிறார் என்பார்.

ஞானஸ்நானப் பதிவேடு பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தவற்றில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். நீளமான கட்டங்கள். தேதி, பெயர், தகப்பன் தாய் பெயர், ஊர், ஞானப்பெற்றோர், கடைசியில் ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து மட்டும் கறுப்பு மையில் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் அந்த ஆளைத் தயார்செய்த உபதேசியாருக்கு அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது. அவர் பெயர் வேண்டுமென்றால் சம்பளக் கணக்கில் தேட வேண்டும், அதுவும் கறையான் விட்டுவைத்திருந்தால்.

நேரம் ஓடிவிட்டது. 1907-க்கு இப்போதுதான் வருகிறேன், நிலையத்தார் மன்னிக்கட்டும். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிசௌரி மிஷன் வந்தபோதும் இங்கே அவர்களுக்கு உடனே கைகொடுத்தவர்கள், ஏற்கெனவே வேதம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள்தான். 1924-ல் நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரி தொடங்கியது. அதன் பிறகு உள்ளூர்ப் பிள்ளைகள் இங்கேயே படித்து ஐயராக முடிந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது, ரிங்கல்தௌபே ஆரம்பித்த லண்டன் மிஷன் சபைகள் அதில் இணைந்தன. லுத்தரன் சபைகள் இணையவில்லை. அது ஏன் என்பது தனியாக ஒரு உரைக்குரிய விஷயம். ஒரு ஜெர்மன் லுத்தரன் விதைத்த சபை இன்று சி.எஸ்.ஐ., அவருக்கு நூறு வருடம் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் வளர்த்தது லுத்தரன் சபை. 1950-களின் கடைசியில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சொந்தக் காலில் நின்றது. ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று மூன்று சினாடுகள், அதாவது நிர்வாகப் பிரிவுகள். அதற்குள் 1956-ல் மாவட்டமே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. சினாடுகளைப் பற்றி எழுதி வந்த தாள் அப்படியே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள் மட்டும். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ உபதேசியாராக இருந்த வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். எந்தச் சபையானாலும் சரி. அவருடைய டைரி, ஞானோபதேசப் புத்தகம், பிடியரிசிக் கணக்கு நோட்டு எதுவானாலும் பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் உங்கள் ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போனிலாவது ஒரு படம் எடுத்து வையுங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.