குட்டி பால் மறந்தால் தாய் சினைக்கு வரும்

நேயர்களுக்கு வணக்கம். பன்றி வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் அதிகம் கேட்பது, "சினைக்கு வர ஊசி இருக்கா?" என்பதுதான்; அதாவது, இணை சேரும் பருவத்துக்கு வர. ஊசி இருக்கிறது. ஆனால் முதலில் மடியைப் பாருங்கள் என்பேன்.

ஒருநாள் விடிகாலையில் ஓர் அம்மா போன் செய்தார். "டாக்டர் சார், குட்டி போட்டு 35 நாள் ஆச்சு, இன்னும் பருவத்துக்கே வரல." போய்ப் பார்த்தால் தாய் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, ஒன்பது குட்டிகளும் முட்டி முட்டிக் குடிக்கின்றன. குட்டிகள் தீவனம் நன்றாகத் தின்பதால், அன்றே எல்லாவற்றையும் பிரித்து வேறு கொட்டிலில் விடச் சொன்னேன். ஊசி போடவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி போன்: "சார், முதுகுல கை வச்சேன், ஆணி அடிச்ச மாதிரி நிக்குது!"

நடந்தது இதுதான். குட்டி காம்பை உறிஞ்சும் வரை, சினைப்பையைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனை மூளை அடக்கியே வைத்திருக்கும். முட்டை வளரும் கொப்புளங்கள் சிறிதாகவே நின்றுவிடும். பால் மறந்ததும் அந்தப் பிடி விடுகிறது. கொப்புளங்கள் பட்டாணி அளவுக்குப் பருத்து பருவத்தைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் தாய் சினைக்கு வந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், உறிஞ்சுவது நின்றால்தான் சினைப்பை விழிக்கும்.

அப்புறம் ஆண்பன்றி. அதன் எச்சில் நுரையில் ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது. மூக்குக்கு மூக்கு காட்டிவிட்டு, தாயின் இடுப்புக்கு மேலே இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துங்கள். பருவத்தில் இருந்தால் நகராது. வெள்ளை யார்க்‌ஷயர் என்றால் காது விறைத்து நிற்கும். ஆண்பன்றி பக்கத்தில் இல்லாவிட்டால், பருவத்தில் இருக்கும் பன்றிகூடச் சில நேரம் நிற்காது. நின்ற உடனே முட்டை வெளியாகிவிடாது. பருவத்தில் இருக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகுதான் வெளியாகும். அதனால் காலையில் நின்றால் மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் இன்னொருமுறை ஆணோடு சேர்த்துவிடுங்கள்.

மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் பன்றிக்கும் கேட்கிறார்கள். முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சள் கட்டியைக் கரைக்கிற மருந்து அது. பன்றியில் பருவம் வந்து சுமார் 12 நாள் வரை அந்தக் கட்டி அதற்கு மசியாது. சினைப் பன்றிக்குத் தெரியாமல் போட்டுவிட்டால் கரு கலைந்துவிடும். பன்றியின் சினை கடைசி வரை அந்தக் கட்டியை நம்பித்தான் இருக்கிறது.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். இளம் பன்றிகளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், இன்று முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆணோடு சேர்த்த 12 ஆம் நாள் வாக்கில், "நாங்கள் இருக்கிறோம்" என்று கருக்களே ஈஸ்ட்ரோஜன் சுரந்து தாய்க்குத் தெரிவிக்கும். அதற்குப் பொதுவாக நான்கு கருவாவது வேண்டும்; குறைந்தால் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே சேர்த்த 18 ஆம் நாள் முதல் 24 வரை தினமும் முதுகில் கை வைத்துப் பாருங்கள். வணக்கம்.