விமானப்படை மட்டும் போரை ஜெயிக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வல்லத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, எங்கள் வீட்டுக்கு மேலே சுகோய் பறக்கிறது. இவ்வளவு வேகமான விமானங்கள் இருக்கும்போது, பக்கத்து நாட்டோடு போர் வந்தால் விமானப்படையே முடித்துவிடாதா? காலாட்படை எதற்கு?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை.

முடிக்காது தம்பி. இடத்தைப் பிடித்து நிற்பது தரைப்படைதான். ஆனால் அந்தப் படை நகர முடியுமா, முடியாதா என்பதை வானம்தான் தீர்மானிக்கும். இதை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மறுபடியும் சொல்கிறேன்.

1971-ல் பாகிஸ்தானோடு நடந்த போரை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் நம் மேற்குத் தளங்களில் குண்டு போட்டது. பெரிய சேதம் இல்லை. கிழக்கே, இன்று வங்கதேசமாக இருக்கிற கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் அவர்களிடம் இருந்தது சேபர் என்ற சண்டை விமானங்களின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன், அதாவது ஒரு விமானப் பிரிவு. நம் மிக்-21 விமானங்கள் டாக்காவின் தேஜ்காவ் விமானத்தள ஓடுதளத்தையே பள்ளம் பள்ளமாக்கின. சில நாட்களிலேயே சேபர்கள் எழும்ப வழியில்லாமல் போயிற்று.

இனி சொல்வது டெல்டாக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். அதுவும் ஆற்றுப் பூமி. டாக்காவுக்குப் போகும் வழியில் இருந்த மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது பாலம் இல்லையென்றால் எப்படி இருக்கும்? மேக்னா அதைவிடப் பெரிது. நம் தளபதி சகத் சிங் பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. டிசம்பர் 9-லிருந்து எம்ஐ-4 ஹெலிகாப்டர்களில் வீரர்களை அக்கரை சேர்த்தார். மெதுவாகப் போகிற ஹெலிகாப்டர் அது. சேபர் ஒன்று வந்திருந்தாலும் கதை வேறு. 11-ஆம் தேதி டாக்காவுக்கு வடக்கே தங்கைலில் நம் பாராசூட் படை இறங்கியது. 16-ஆம் தேதி டாக்காவில் சரணாகதி. கைதானவர்கள் சுமார் 93,000 பேர். தேஜ்காவில் விழுந்த பள்ளங்கள்தான் அந்த ஹெலிகாப்டர்களுக்கு வழி விட்டன. நடந்து போய் டாக்காவைப் பிடித்தது காலாட்படை.

உங்கள் ஊர் சுகோய்களையும் சொல்லிவிடுகிறேன். அது 222-ஆம் ஸ்குவாட்ரன், 2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்தது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும். இந்தியப் பெருங்கடலைக் காவல் காப்பது அதன் முக்கிய வேலை.

சரி, இதைவிட நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிற கேள்வி ஒன்று உண்டு. 1962-ல் சீனாவோடு நடந்த போரில் நம் சண்டை விமானங்களை ஏன் களத்தில் இறக்கவில்லை? ஏஎன்-12 சரக்கு விமானங்கள் டாங்குகளை லடாக்கில் இருக்கிற சுஷூலுக்கே தூக்கிப் போயின. மலைமேல் இருந்தவர்களுக்கு உணவும் தோட்டாவும் வானத்திலிருந்து போட்டார்கள். ஹன்டர் சண்டை விமானங்களும் கேன்பெரா குண்டுவீச்சு விமானங்களும் மட்டும் தாக்குதலுக்குப் போகவில்லை. சீனா கல்கத்தாவைத் தாக்கிவிடும் என்ற அச்சம் டெல்லிக்கு. ஆனால் திபெத்தின் மெலிந்த காற்றில் முழுச் சுமையோடு சீன விமானம் கிளம்புவது கடினம், நம் தளங்களோ சமவெளியில் இருந்தன. அன்று விமானங்கள் போயிருந்தால் நம் வீரர்கள் அவ்வளவு தனியாக நின்றிருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். இதைப் பற்றி விரிவாகக் கேளுங்கள், ஒரு முழுப் பதிவே போடுகிறேன்.