ஸ்டியரிங் ஆடினால் முதலில் பாக்ஸை முறுக்காதீர்கள்

வணக்கம். ஆற்காட்டில் ஒரு சின்ன ஷெட் வைத்து 30 வருஷத்துக்கு மேலாகப் பழைய கார் வேலை பார்க்கிறேன். வானொலியில் பேசக் கூப்பிட்டதும் எதைப் பற்றிப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஸ்டியரிங் ஆட்டம்தான். இந்தக் குறையோடு வருகிற வண்டிகளில் பாதி, ஏற்கெனவே யாரோ ஸ்டியரிங் பாக்ஸை, அதாவது ஸ்டியரிங் சுற்றுவதை ராடுக்குக் கடத்துகிற பல் பெட்டியை, அதன் ஸ்குருவால் முறுக்கிவிட்ட வண்டியாக இருக்கிறது. ஆட்டத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

வாலாஜா தாண்டி நெடுஞ்சாலையில் போகிறீர்கள், பக்கத்தில் ஒரு லாரி கடக்கிறது, வண்டி ஒரு பக்கம் நழுவுகிறது. நீங்கள் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று பிடிக்கும். நேர் ரோட்டிலேயே கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். டயரில் காற்று குறைந்தாலும் வண்டி அலையும், அதனால் முதலில் காற்றைப் பார்த்துவிடுங்கள்.

காற்று சரியாக இருந்தால் ஆட்டத்தை அளந்து பாருங்கள். சக்கரம் நேராக இருக்கட்டும். ஸ்டியரிங் வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முன் டயர் அசைய ஆரம்பிக்கிற வரைக்கும் மெதுவாகத் திருப்புங்கள், அப்புறம் எதிர்ப்பக்கமும் அதேபோல. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, இந்த ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 40 சென்டிமீட்டர் வளையத்தில் 30 டிகிரி என்றால் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். என்னைக் கேட்டால் அவ்வளவு ஆடுகிற வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. பாக்ஸ் வைத்த பழைய வண்டியில் இரண்டு விரல் அகலம் ஆடினாலே நான் அடியில் படுத்துப் பார்த்துவிடுவேன்.

அடியில் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டம் இருக்கிற அளவுக்கு மட்டும் இடது வலதாக அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டையும் கையால் பிடித்துப் பாருங்கள். ஒரு ஜாயிண்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ராடு அசைகிறது, அந்தப் பக்கம் இருக்கிறது சும்மா நிற்கிறது என்றால் தேய்ந்தது அதுதான். டை ராடு எண்டை, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற ராடின் நுனி ஜாயிண்டைச் சுற்றி ஐந்து விரலும் படுகிற மாதிரிப் பிடியுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலில் ‘டக்’ என்று தட்டும். ரப்பர் மூடி கிழிந்த எண்டில் கிரீஸ் எல்லாம் போய், மண்ணும் துருவும் சேர்ந்து செங்கல் பொடி மாதிரி ஒட்டியிருக்கும். நான் சொன்ன அதே 98-வது விதி, பால் ஜாயிண்டுக்கு, அதாவது உருண்டை மூட்டுக்கு, ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்று வராதபடி லாக் ஆகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இருபது ரூபாய் ரப்பர்தானே என்று விடாதீர்கள். பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கிற போல்ட், ஸ்டியரிங் தண்டின் இணைப்பு (கப்ளிங்) போல்ட், இவை இரண்டும் லூஸாக இருந்தாலும் இதே ஆட்டம்தான் வரும், ஒரு ஸ்பானரோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்து ஜாக்கி. தூக்கிய பிறகு கண்டிப்பாக ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காமல் ஆடினால் கிங் பின் (சக்கரம் இடது வலதாகத் திரும்புகிற அச்சு) அல்லது பால் ஜாயிண்ட். பேரிங்கைச் சரிசெய்யாமல் டை ராடை மாற்றிக் காசைக் கரியாக்கியவர்கள் எத்தனையோ பேர்.

தொழில் பழகிய புதிதில் நானே செய்த காரியம் ஒன்று. குடியாத்தத்திலிருந்து ஒரு பத்மினி கார் வந்தது. “ஆட்டம் தாங்கல தம்பி, நாளைக்கு வெளியூர் போவணும், இன்னிக்கே வேணும்” என்றார் வண்டிக்காரர். பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ராடைத் தாங்குகிற ஐட்லர் ஆர்மைப் பிடித்துக்கூடப் பார்க்காமல், பாக்ஸ் மேலே இருக்கிற ஸ்குருவை முறுக்கினேன். ஆட்டம் போய்விட்டது, அவரும் சந்தோஷமாகப் போனார். மறுநாள் குடும்பத்தோடு ஏலகிரி ஏறியிருக்கிறார். 14 கொண்டை ஊசி வளைவு. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை, இரண்டு கையாலும் இழுத்திருக்கிறார், அதற்குள் பம்பர் ஓரச் சுவரில் உரசிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். பிரித்துப் பார்த்தால் பாக்ஸில் சொல்லிக்கொள்கிற மாதிரித் தேய்மானமே இல்லை, ஐட்லர் ஆர்ம் புஷ்தான், அதன் அச்சு ஓடுகிற வளையம், முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது.

வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸுக்குள் இருக்கிற வார்ம் என்கிற திருகுப் பல் நடுவில்தான் அதிகம் தேயும், ஓரங்கள் புதிது மாதிரியே இருக்கும். நடுவில் இருக்கிற ஆட்டம் போகிற வரை முறுக்கினால், ஓரத்துக்குப் போகும்போது பிடித்துக்கொள்ளும். அதனால் மற்ற எல்லாம் சரியாக இருந்து, பாக்ஸில்தான் ஆட்டம் என்று உறுதியானால் மட்டும் அதைத் தொடுங்கள். பாக்ஸிலிருந்து வெளியே வருகிற டிராப் ஆர்மிலிருந்து ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குருவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரு கூடவே திரும்பாமல் ஸ்குரு டிரைவரால் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எங்கேயும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். பிடித்தால் ஸ்குருவைத் திரும்பத் தளர்த்துங்கள், கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. அதுவே அதிகம் என்றால் பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பாக்ஸுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஆயில் ஒழுகுகிறது என்று கிரீஸை அடைத்துவிடுகிறார்கள், கிரீஸ் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும், பல் காய்ந்தே ஓடும்.

அம்பாசடர், மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாக்ஸ் கிடையாது, ராக் அண்ட் பினியன், அதாவது சின்னப் பல் சக்கரம் ஒரு பல் கம்பியை இடது வலதாக நகர்த்துகிற அமைப்பு. அதில் உள் பக்க பால் ஜாயிண்ட், மடிப்பு ரப்பருக்குள்ளே ஒளிந்திருக்கும். ரப்பருக்கு மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லுங்கள், தட்டுவது கைக்குத் தெரியும்.

டை ராடு எண்டைக் கழற்றும்போது மறையில் சுத்தியல் போடாதீர்கள். எண்டு நுழைகிற ஆர்மின் காது இருக்கிறதே, அதற்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து எதிர்ப்பக்கம் தட்டினால் உள்ளே இறுகியிருக்கிற டேப்பர் (கூம்பு மாதிரிச் சரிந்த பகுதி) தானாக விட்டுவிடும். பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றே புதியதை ஏற்றுங்கள், அப்படியே நேராக அலைன்மென்ட்டுக்கும் கொண்டுபோங்கள், இல்லையென்றால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். நட்டு கழலாமல் குறுக்கே போடுகிற காட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவே போடாதீர்கள். வேலை முடிந்ததும் ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு நடை போய் வந்து, இன்னொரு தரம் டார்ச் அடித்து எல்லா நட்டையும் பாருங்கள். நான் இன்றைக்கும் அதைப் பார்க்காமல் சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லை.